கேம் ‘லேக்’ அடிக்கிறதா? எந்த லேக் என்று முதலில் பார்ப்போம்

“அண்ணா, புது கார்டு போட்டும் லேக் அடிக்குதுண்ணா” என்று சித்தி பையன் போனில் சொன்னான். எப்படிப்பட்ட லேக் என்று கேட்டால், “லேக்குதாண்ணா, வேற என்ன சொல்றது?” என்கிறான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படம் மெதுவாக ஓடினாலும் நமக்கு லேக். நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று இடறினாலும் லேக். மவுஸ் கனமாக இருந்தாலும் லேக். நெட் சொதப்பினாலும் லேக். டாக்டரைப் பார்க்காமல் “காய்ச்சல்” என்று மட்டும் சொல்லி மருந்துக் கடையில் மாத்திரை வாங்குகிற கதைதான். அவன் வாங்கிய மாத்திரை ஆர்டிஎக்ஸ் 4060 என்ற கிராஃபிக்ஸ் கார்டு. நோய் அங்கே இல்லை. எங்கே இருந்தது என்பது கீழே வரும்.

அதனால் இதைப் பாகம் பாகமாக எழுதாமல் புகார் புகாராக எழுதியிருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ நேராக அங்கே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அளக்காமல் எதையும் தொடாதீர்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம். பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடும். கூடவே ரிவாட்யூனர் என்று ஒன்று வரும். கேமுக்கு மேல் எண்களைக் காட்டுவது அதுதான். திரையில் வரவேண்டியவை: எஃப்பிஎஸ் (ஒரு விநாடியில் எத்தனை ஃப்ரேம், அதாவது படம், வருகிறது), ஃப்ரேம் டைம் (ஒரு படம் வர ஆகும் நேரம்; எண்ணாக அல்ல, கோடாக), ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சிப், எத்தனை சதவீதம் ஓடுகிறது, ஜிபியு மெமரி, சிபியு ஜிபியு இரண்டின் வெப்பநிலை, இரண்டின் கிளாக் வேகம்.

எஃப்பிஎஸ்ஸை எல்லோரும் பார்ப்பார்கள். விஷயம் ஃப்ரேம் டைமில் இருக்கிறது. 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி விநாடி. ஒரே ஒரு விநாடியை எடுத்துக்கொள்வோம். 59 ஃப்ரேம்கள் தலா 15 மில்லி விநாடியில் வந்துவிட்டன, ஆக 885. மிச்சமிருந்த 115 மில்லி விநாடியை ஒரே ஒரு ஃப்ரேம் விழுங்கிவிட்டது. மூலையில் இருக்கும் எண் 60 என்று சிரிக்கும். கண்ணுக்கோ ஏழு ஃப்ரேம் வரவேண்டிய நேரம் படம் உறைந்து நின்றிருக்கும். அந்த உறைதல் கோட்டில் ஊசி போல எழும்பித் தெரியும். ஊசிகளோடு ஓடும் 100-ஐ விட, கோடு படுத்தே கிடக்கும் 60 எனக்கு எப்போதும் உசத்தி. ‘1 சதவீத லோ’ என்று, மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களை மட்டும் வைத்து, ரிவ்யூக்களில் போடுவதும் இந்த ஊசிகளைப் பிடிக்கத்தான்.

இன்னொரு கணக்கு. 30-லிருந்து 40-க்குப் போனால் ஒவ்வொரு ஃப்ரேமும் 8.3 மில்லி விநாடி முன்னதாக வருகிறது. 120-லிருந்து 144-க்குப் போனால் மிச்சமாவது வெறும் 1.4. காசை எங்கே கொட்டலாம், எங்கே வேண்டாம் என்று இதை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

“செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறவில்லை”

பரோட்டா கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாவை வீசிச் சுருட்டித் தருகிறார். இன்னொருவர் கல்லில் போட்டுச் சுட்டு எடுக்கிறார். வீசுபவர் சிபியு, கல் ஜிபியு. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா யார் மேல் பட்டது, எதையெல்லாம் வரையவேண்டும் என்று தீர்மானித்து அனுப்புவது சிபியு. வரைவது ஜிபியு. வீசுபவர் திணறும்போது கல்லுக்கு அடியில் தீயைக் கூட்டி என்ன பயன்? கல் காய்ந்துகொண்டு சும்மா கிடக்கும்.

சோதிப்பது சுலபம். எஃப்பிஎஸ் குறையும் ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் வரைந்துகொண்டிருந்த கார்டுக்கு வேலை 9.2 லட்சமாகக் குறைந்துவிடும். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில். ஏறவே இல்லை, ஜிபியு 50, 60 சதவீதத்தில் தூங்குகிறது என்றால் தடை சிபியு பக்கம். எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு ஏதும் போட்டு வைக்கவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். படத்தை மானிட்டர் வேகத்தோடு பூட்டும் வி-சிங்க் ஓடினாலும் இதே தோற்றம்தான் வரும்.

இங்கே எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: “டாஸ்க் மேனேஜரில் சிபியு 20 சதவீதம்தானே காட்டுது?” சிபியு ஒரே நேரத்தில் பல வரிசைகளில் வேலை பார்க்கும்; ஒவ்வொரு வரிசையும் ஒரு த்ரெட். உங்கள் சிபியுவில் 16 த்ரெட் என்றால், அந்த எண் 16 த்ரெட்டுகளின் சராசரி. ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தத்தில் அது 6.25 சதவீதம்தான். பெரும்பாலான கேம்களில் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டுகளின் தலையில்தான் விழுகிறது. ஆகவே 20 சதவீதத்திலும் சிபியு மூச்சு முட்டிக்கொண்டு இருக்கலாம். சிபியு எண்ணை நம்பாதீர்கள். ஜிபியு எண் 95-க்குக் கீழே கிடக்கிறதா என்று பாருங்கள்.

சரி, சிபியு பக்கம்தான் தடை என்று தெரிந்துவிட்டது. உடனே புது சிபியு வாங்கக் கிளம்பவேண்டாம். முதலில் ராம். டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’, அதில் ‘மெமரி’. அங்கே ‘ஸ்பீடு’ என்ன என்று பாருங்கள்.

சித்தி பையன் வீட்டில் நான் பார்த்தது 2133. அவன் காசு கொடுத்து வாங்கியது 3200. டிடிஆர்4 ராமை பயாஸில் (விண்டோஸ் ஏறுமுன் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி என்ற ஆப்ஷனைப் போட்டு எழுப்பாவிட்டால் அது தன் பழைய அடிப்படை வேகத்திலேயே ஓடும்; 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதால் மட்டும் ஓடிவிடாது. டிடிஆர்5-இல் இதே கதை 4800-இல் நடக்கும். ஏஎம்டி போர்டுகளில் அந்த ஆப்ஷனுக்கு எக்ஸ்போ என்று பெயர். பக்கக் கதவைக் கழற்றினால் இன்னொரு கூத்து: இரண்டு ராம்களும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில். அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் யாருக்கோ அவசரம் போலிருக்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், சிபியு பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட்டால்தான் இரண்டும் தனித்தனிச் சேனலில், அதாவது சிபியுவுக்குப் போகும் தனித்தனிப் பாதையில், ஓடும். 3200 ராம் ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. அவனுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 17. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மாதிரி சிபியுவைப் பிழியும் கேமை அதில் ஆடிவிட்டு, பழைய கார்டைத் திட்டியிருக்கிறான். ராமை மாற்றிச் செருகி, எக்ஸ்எம்பியைப் போட்டு, கதவை மூட பத்து நிமிடம் ஆயிற்று. “அப்ப கார்டை வித்திருக்க வேண்டாமாண்ணா?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி மாதிரி சிப்பில் ஆடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே ஜிபியுவுக்கும் சாப்பாடு அதே ராமிலிருந்துதான். ஒற்றை ராமில் ஓட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் வாங்கக்கூடிய மிக மலிவான அப்கிரேடு இன்னொரு ராம்.

ராமும் சரியாக இருந்தால், கேமுக்குள் சிபியுவைத் தின்னும் செட்டிங்குகளைக் குறையுங்கள்: கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தூரம் வரை வரைவது, ரே டிரேசிங். கடைசி ஒன்று கார்டு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கான தயாரிப்பு வேலையில் கணிசமான பங்கு சிபியுவுடையது.

“எப்போதுமே குறைவு, செட்டிங்கைக் குறைத்தால் ஏறுகிறது”

நேர்மையான நோய் இது. கார்டு முழு மூச்சில் உழைக்கிறது, போதவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ‘லோ’வில் போடாதீர்கள். ஷேடோ, பனிமூட்டம் மாதிரியான வால்யூமெட்ரிக் விஷயங்கள், ரிஃப்ளெக்ஷன், ரே டிரேசிங், இந்த நான்கையும் ஒவ்வொரு படி இறக்கினாலே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். டெக்ஸ்சரை (சுவர், துணி, தரை மேல் ஒட்டும் படங்கள்) தொடவேண்டாம், கார்டின் மெமரிக்குள் அடங்கும்வரை அது கிட்டத்தட்ட இலவசம். அதற்குமேல் தேவை என்றால் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் எது உங்கள் கார்டில் ஓடுமோ அதை ‘குவாலிட்டி’யில் போடுங்கள். கேமைக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதுதான் மூன்றும் செய்வது. 1440-இல் நன்றாக இருக்கும். 1080-இல் ‘பெர்ஃபார்மன்ஸ்’ போட்டால் உள்ளே வரைவது வெறும் 540. தூரத்தில் தெரியும் கம்பி வேலியும் மர இலையும் கொதிக்கிற மாதிரி துடிக்கும்.

“ஆவரேஜ் நன்றாக இருக்கிறது; ஆனால் நடுநடுவே இடறுகிறது”

அதே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். மறுபடி இடறுகிறதா?

இரண்டாம் முறை இடறவில்லை என்றால் அது ஷேடர் கம்பைலேஷன். குண்டு வெடிப்பு, புகை, தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் வரையச் சொல்லும் சின்னச் சின்ன நிரல்களை உங்கள் கார்டுக்கும் டிரைவருக்கும் ஏற்ற மொழியில் மாற்றவேண்டும். முன்கூட்டியே மாற்றி வைக்காத கேம், முதல் குண்டு வெடிக்கும் அந்தக் கணத்தில் உட்கார்ந்து மாற்றும். டைரக்ட்எக்ஸ் 12-இல் ஓடும் பல அன்ரியல் எஞ்சின் கேம்களுக்கு இதனால்தான் கெட்ட பெயர். ஸ்டீம் டெக்கில் ஆடுபவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள்: எல்லாரிடமும் ஒரே சிப் என்பதால் வால்வ் நிறுவனமே தயாராக மாற்றி அனுப்பிவிடுகிறது. நம் பிசிக்குப் பெரும்பாலும் அந்த வசதி இல்லை. கேம் திறந்தவுடன் ‘ஷேடர் கம்பைல் ஆகிறது’ என்று கோடு ஓடினால் அதை முடியவிடுங்கள், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். 2023-இல் பிசிக்கு வந்தபோது ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ இந்தக் காத்திருப்புக்காகவும் திட்டு வாங்கியது. டிரைவரை அப்டேட் செய்தால் இந்த வேலை மறுபடி முதலிலிருந்து நடக்கும் என்பதால், புது டிரைவர் போட்ட முதல் நாளில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். யூடியூபைப் பார்த்து வாராவாரம் ஷேடர் கேஷை (மாற்றி வைத்த நிரல்களின் சேமிப்பு) அழிப்பவர்கள் தங்களுக்குத் தாங்களே சூனியம் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் முறையும் அதே இடத்தில் இடறினால் புதுப் பகுதி டிஸ்கிலிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். கேம் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே எஸ்எஸ்டியில்தான் இருக்கிறது என்றால் அது கேமின் குறை. பேட்ச் வரும்வரை உங்களால் ஆகக்கூடியது குறைவு.

மூன்றாவது வகை: அரை மணி நேரம் நன்றாக ஓடி, வேறு ஊருக்குள் நுழைந்ததும் பாதியாக விழும், டெக்ஸ்சர் களிமண் மாதிரி ஆகும். ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் ‘டெடிகேட்டட்’ மெமரி முட்டிக்கொண்டு நிற்க, ‘ஷேர்டு’ ஏறிக்கொண்டே போகும். மிச்சச் சுமை, கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ பாதை வழியாக ராமுக்குப் போய் வருகிறது. அந்தப் பாதை எவ்வளவு குறுகலோ அவ்வளவு அடி. 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டில் மெமரி 4 ஜிபி, பாதை நான்கே லேன். பழைய பிசிஐஇ 3.0 போர்டில் அதைப் போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மேலே தொடவேண்டாம் என்று சொன்ன டெக்ஸ்சரை இப்போது ஒரு படி இறக்குங்கள். இறக்கிவிட்டு கேமை மூடித் திறங்கள். பல கேம்கள் பிடித்துவைத்த மெமரியை அதுவரை விடாது.

“20 நிமிடம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் விழுகிறது”

சூடு. நம் ஊர்க்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். வெளிநாட்டு ரிவ்யூக்காரர் ஏசி அறையில் 22 டிகிரியில் சோதித்த அதே லேப்டாப்பை நாம் மே மாதத்தில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், 36 டிகிரியில் ஓட்டுகிறோம். அறை 14 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறவேண்டும். அதற்கு மேல் ஏற இடமில்லாதபோது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டெல் லேப்டாப் சிப்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். அது எல்லையில் போய் அமைதியாக நின்றுவிடும். கூடவே கிளாக்கைப் பாருங்கள். எஃப்பிஎஸ் விழும் நேரத்தில் கிளாக்கும் படிப்படியாக இறங்கினால் நோய் உறுதி. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ‘தெர்மல் த்ராட்லிங்’ என்ற வரிக்கு நேரே ‘எஸ்’ என்று வந்து நிற்கும்.

லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஆடுபவர்கள் முதலில் அதை நிறுத்துங்கள். காற்றை இழுப்பது அடிப்பக்கத்துத் துளைகள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வைத்தாலே வித்தியாசம் தெரியும். அப்புறம் தூசி. ஆஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, ஃபேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். ஃபேனைச் சுற்றவிட்டு ஊதினால் அதன் பேரிங் போய்விடும். அடியில் ஃபேனுக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு தூசிப் பட்டை படிந்திருக்கும். அது வெளியே வராதவரை ஊதியதாகக் கணக்கில்லை. டெஸ்க்டாப்பில் புதிதாகக் கூலர் மாட்டியதிலிருந்துதான் இந்தச் சூடு என்றால், கூலர் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், நான் ஒருமுறை உரிக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்பே செய்யக்கூடிய காசில்லாத வைத்தியம், எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு வரம்பு போடுவது. தனியாக ஆடும் கதை கேமுக்கு 130 எதற்கு? ரிவாட்யூனரில் 60 என்று போடுங்கள். சிப் அரை வேலை செய்யும், ஃபேன் சத்தம் அடங்கும், கோடு படுத்துவிடும்.

லேப்டாப்பில் மட்டும் வரும் இரண்டு விஷயம். சார்ஜரைக் கழற்றினால் சரியாக 30-க்கு வந்து நிற்கிறது என்றால் என்விடியாவின் பேட்டரி பூஸ்ட் வேலை செய்கிறது, கோளாறு இல்லை. சார்ஜர் போட்டும் குறைவு என்றால் அது கூடவே வந்த சார்ஜர்தானா என்று பாருங்கள். 180 வாட் கேட்கும் மெஷினில் 65 வாட் டைப்-சி சார்ஜர் செருகினால் பேட்டரி ஏறும், கேம் சரியாக ஓடாது. இன்னொன்று, வாங்கும்போதே கேட்கவேண்டியது: லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஒரே பெயரில் விற்பதை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதிலும் அமைத்துக்கொள்ள என்விடியா இடம் கொடுத்திருக்கிறது. பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்.

“60-ஐத் தாண்டவே இல்லை” அல்லது “படம் நடுவில் கிழிகிறது”

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-இல் ஓட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். விண்டோஸ் செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘டிஸ்ப்ளே’, ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே மாற்றவேண்டும். அங்கே 144 வரவே இல்லை என்றால் கேபிள். டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது கேபிள் கார்டில் செருகியிருக்கிறதா, மேலே மதர்போர்டில் செருகியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. இதெல்லாம் சரி என்றால் கேமே பூட்டியிருக்கலாம். எல்டன் ரிங் 60-க்கு மேல் போகாது.

கிழிவது வேறு. மானிட்டர் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஃப்ரேம் வந்து விழுவதால் மேல் பாதி ஒன்று, கீழ் பாதி ஒன்று. வி-சிங்க் போட்டால் நிற்கும். ஆனால் 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேம் 16.7-ஐத் தாண்டி 17 மில்லி விநாடி எடுத்துவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருந்து 33.3-இல்தான் வரும், 59 வரவேண்டிய இடத்தில் 30. மானிட்டரே கார்டின் வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு, எஃப்பிஎஸ் வரம்பை ரெஃப்ரெஷ் ரேட்டுக்குக் கொஞ்சம் கீழே, 144-க்கு 141 என்று வையுங்கள்.

“நேற்று வரை நன்றாக ஓடியது”

நேற்று என்ன மாறியது? டிரைவர் என்றால், டிரைவரை அழிக்கும் டிடியு என்ற மென்பொருள் கொண்டு சேஃப் மோடில் சுத்தமாக அழித்துவிட்டுப் பழைய பதிப்பைப் போடுங்கள். பயாஸ் அப்டேட் என்றால் எக்ஸ்எம்பி அணைந்திருக்கும். மதர்போர்டின் பொத்தான் பேட்டரி தீர்ந்தாலும் அதே. விண்டோஸின் கேம் பாரில் பின்னணி ரெக்கார்டிங் ஓடுகிறதா பாருங்கள். விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’யை அணைத்தால் சில எஃப்பிஎஸ் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் அது பாதுகாப்பு அம்சம். வங்கிக் கணக்கு திறக்கும் அதே மெஷினில் நான் அணைக்கமாட்டேன்.

“120 காட்டுகிறது, ஆனால் கை கனமாக இருக்கிறது”

ஃப்ரேம் ஜெனரேஷனை அணையுங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு டிஎல்எஸ்எஸ் 3 என்று வந்தது இது. இரண்டு நிஜ ஃப்ரேம்களுக்கு நடுவே ஒன்றைக் கற்பனையாகச் செருகும். நடுவே செருகவேண்டும் என்றால் இரண்டாவது நிஜ ஃப்ரேமைக் கொஞ்சம் பிடித்துவைக்கத்தானே வேண்டும்? அந்தத் தாமதம்தான் கையில் கனம். அது இல்லாமலே 60 வரும் கேமில் போட்டால் அழகு. 30-ஐ 60 ஆக்கப் பயன்படுத்தினால் பார்க்க 60, ஆட 30-ஐ விட மோசம்.

“ஆள் ஓடினால் பின்னால் இழுத்து விடுகிறது”

ஃப்ரேம் டைம் கோடு படுத்தே கிடக்க, உங்கள் ஆள் மட்டும் தாவுகிறான், சுட்ட குண்டு படவில்லை என்றால் அது நெட். உலகத்திலேயே விலை உயர்ந்த கார்டும் இதற்கு உதவாது. கேமில் சர்வர் மும்பையா சிங்கப்பூரா என்று பாருங்கள், வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு வாருங்கள்.

போன மாதம் சித்தி பையன் மறுபடி கூப்பிட்டான். “அண்ணா, லேக்.” இந்த முறை கோட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தே அனுப்பியிருந்தான், நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லி விநாடி) மட்டும் 30-க்கும் 400-க்கும் நடுவே குதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் ரவுட்டர், நடுவில் இரண்டு சுவர், பக்கத்தில் சித்தி டிவியில் சீரியல். 15 மீட்டர் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்துக்கொடுத்தேன்.